கருகின இலையை யார் வெட்டச் சொன்னது?

இந்தத் தொடரில் கொஞ்சம் மழை பெய்ய விடக்கூடாதா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பெய்ய விட்டேனே அம்மா! தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் பெய்தது. கோலிக்குண்டு அளவில் ஆலங்கட்டி. அவரைப் பந்தலைச் சாய்த்து, தக்காளிச் செடிகளை முறித்து, பாதித் தொட்டிகளை உடைத்துப் போட்டுவிட்டுப் போனது. அதன் பிறகு வெயில்தான். எழுதுகிற எனக்கே வியர்த்து ஊற்றுகிறது. என்னிடம் கோபித்துப் பிரயோஜனமில்லை.

புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்காக இரண்டு வரி. இந்த வீட்டில் மூன்று பேர். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அண்ணி. பழுதான லிஃப்டுகளைச் சரிசெய்கிற அவள் கணவர்; ஊரே அவரை லிஃப்ட்காரர் என்றுதான் சொல்லும். அவருடைய தங்கை பாப்பா. பெயர்தான் பாப்பா, காதோரம் நரை தெரிகிறது. புருஷன் வீட்டை விட்டுத் தன் தையல் மிஷினோடு கிளம்பி வந்து, இங்கே முன்னறையில் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் அண்ணிக்கு இரட்டை டியூட்டி போட்டார்கள். வெயிலில் மயங்கி விழுகிறவர்கள், விழுந்ததில் மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறவர்கள், இடுப்பை உடைத்துக்கொள்கிறவர்கள் என்று எக்ஸ்ரே அறை வாசலில் ஸ்ட்ரெச்சர் வரிசை. இருட்டில் போய் இருட்டில் வந்தாள். போகும்போது பாப்பாவிடம், "தோட்டத்தைப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பாப்பா பார்த்துக்கொண்டாள். இந்த வாரத்து வினையே அதுதான்.

*

அன்று அண்ணிக்கு விடுமுறை. ராத்திரி டியூட்டியை முடித்துவிட்டு, காலை வெயில் சுள்ளென்று ஏறிய பிறகு வீடு திரும்பினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், பக்கவாட்டுச் சந்து வழியாக நேரே பின்புறம் போனாள். பகல் வெளிச்சத்தில் தோட்டத்தைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

தோட்டம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. உடைந்த தொட்டி ஓடுகள் ஒரு மூலையில் குவிந்திருந்தன. மிச்சத் தொட்டிகள் சுவரோரம் நிழலில் வரிசையாக இருந்தன. ரோஜாக்கள் வெறும் குச்சிகள். அதற்கு அவள் எப்போதோ மனதைத் தேற்றிக்கொண்டாகிவிட்டது. ஆலங்கட்டிக்குத் தக்காளி, அனலுக்கு ரோஜா, கத்திரி, செம்பருத்தி. ஒவ்வொன்றாகப் போகப் போக, எலுமிச்சை இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டாள். மேல் இலைகள் கருகியிருந்தாலும் மரம் தாங்கிவிடும் என்று நம்பினாள்.

அந்த எலுமிச்சை மொட்டையாக நின்றது.

ஒரு கருகல் இலை கிடையாது. ஒவ்வொன்றும் காம்போடு, ஒட்ட, ஒரே சீராக வெட்டப்பட்டிருந்தது. சட்டை ஓரத்தில் பிசிறு நறுக்குவதுபோல நறுக்கியிருந்தார்கள். மேற்கு வெயில் நேராக விழுகிற பக்கத்தில் பட்டை தாமிர நிறமாகி, நெடுக வெடித்து, உரிந்து தொங்கியது.

"பாப்பா!"

கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு பாப்பா ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டீங்களா அண்ணி? பாத்தீங்களா? எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேன். கருகினது ஒண்ணு விடல."

"எப்ப வெட்டின?"

"நீங்க டபுள் டியூட்டி போக ஆரம்பிச்சீங்களே, அதுக்கு மறுநாள். பாக்கவே சகிக்கல அண்ணி. நீங்க லீவுல வந்து பாக்கும்போது கண்ணுக்கு நல்லா இருக்கட்டுமேன்னு..."

"கருகின இலையை யாரு உன்னை வெட்டச் சொன்னது?"

பாப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"காஞ்சு போனதுதானே அண்ணி..."

"காஞ்சாலும் அது நிழல். மேல இலை கருகி, கீழ பட்டையைக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. வெயில் தணியிற வரைக்கும் அதைத் தொடவே கூடாது. நீ கையில இருந்த குடையைப் பிடுங்கிட்டு நடுரோட்டுல நிக்க வச்சிருக்க!"

"எனக்குத் தெரியாது அண்ணி. நிஜமா தெரியாது."

"தெரியலைன்னா கேக்கணும். இது என் வீடு. என் தோட்டம். எதைத் தொடுறதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுத் தொடணும்."

தோட்டத்தோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டை இழுத்திருக்க வேண்டாம். வாயை விட்டுப் போன பிறகு அண்ணிக்கே அது சுரீரென்றது. ஆனால் அவள் நின்று நின்று வீங்கிய காலோடு வந்திருந்தாள். ஒரு பகலும் ஒரு இரவும் மற்றவர்களின் எலும்பைப் பார்த்த கண்ணுக்கு ஒரு பச்சை இலை வேண்டியிருந்தது. சமாதானம் சொல்லத் தெம்பில்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாப்பா வெயிலிலேயே நின்றாள். பிறகு கீழே விழுந்திருந்த ஒரு பட்டைத் துண்டை எடுத்து, அது இருந்த இடத்தில் பொருத்திப் பார்த்தாள். அது ஒட்டவில்லை.

*

பாப்பாவின் போனில் முந்தின நாளே ஒரு செய்தி வந்து கிடந்தது. புருஷனிடமிருந்து. "கோவிச்சுக்கிட்டது போதும். நாளைக்குச் சாயங்காலம் கார் அனுப்பறேன். ஏறி வா."

நான் வரேன் என்றுகூட இல்லை. கார் வரும், ஏறு.

அவர் கெட்டவரா என்று கேட்டால் ஊரில் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். கை நீட்டியதில்லை. குரல் உயர்த்தியதில்லை. ஒருநாள் வேலையிலிருந்து வந்தவர், அவள் தைத்துக்கொண்டிருந்த மிஷினிலிருந்து துணியை உருவி மடித்து வைத்துவிட்டு, மிஷினைத் தூக்கிப் பரணில் ஏற்றிவிட்டார். "சத்தம் தலைவலிக்குது" என்றார். அவ்வளவுதான். ஏணியையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். அதன் பிறகு எத்தனையோ வருஷம், அந்த வீட்டில் பாப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒருநாள் மிஷினை இறக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

முந்தின நாள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே மிஷினுக்கு இடமில்லை. இங்கே தனக்கே இடமில்லை என்று அண்ணி வாயாலேயே சொல்லிவிட்டாள். தையல் வேலையில் ஒரு தப்பு செய்தால் பிரித்துத் தைக்கலாம். மரத்தைப் பிரித்துத் தைக்க முடியுமா?

பையை எடுத்துத் துணிகளை அடுக்கினாள். அண்ணனுக்குப் போன் போட்டாள்.

*

லிஃப்ட்காரர் அந்த நேரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் இருந்தார். அது அறையில்லை, அடுப்பு. சூட்டில் மோட்டார் நின்றுபோய், ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் இரண்டு மாடிக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தார். கையில் ஒரு தர்பூசணி இருக்கிறதாம், அதனால் பிழைத்துக்கொள்வேன் என்று அவரே கீழேயிருந்து சொல்லியிருந்தார்.

"அண்ணா, அவர் சாயங்காலம் கார் அனுப்புறாராம். நான் கிளம்பறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. "எங்க கிளம்புற? என்னாச்சு?"

"எலுமிச்சை மரத்தைக் கொன்னுட்டேண்ணா. அண்ணி முகத்தை என்னால பாக்க முடியல."

"மரம் போனா போகட்டும் பாப்பா..."

"அப்படிச் சொல்லாத. அண்ணிக்கு அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. எனக்குன்னு ஒரு வேலையை நம்பிக் கொடுத்தாங்க, அதையும் கெடுத்துட்டேன். நான் இருந்தா இன்னும் எதையாவது வெட்டுவேன்."

மாட்டிக்கொண்டவர்களிடம் சொல்வதற்கு லிஃப்ட்காரரிடம் ஒரே ஒரு வசனம்தான் உண்டு. வேறு எதுவும் தோன்றாமல் அதையே தங்கையிடமும் சொன்னார்.

"பதறாத. கதவை மட்டும் நீயா திறக்காத. நான் வரேன்."

"என்னண்ணா சொல்ற?"

"ஒண்ணுமில்ல. நான் வர்ற வரைக்கும் எங்கேயும் போகாதன்னு சொல்றேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். லிஃப்ட்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார். பெண்டாட்டியிடம் பேசினால் தங்கைக்குப் பரிந்து பேசுவதாகும். தங்கையைத் தடுத்தால் பெண்டாட்டி மேல் குற்றம் சொல்வதாகும். இத்தனை வருஷமாக அடுத்தவர்களை இறக்கிவிட்ட மனிதர், தன் வீட்டில் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழித்தார்.

லிஃப்ட் கிணற்றின் வழியாக வாத்தியார் குரல் வந்தது.

"தம்பி! எல்லாம் கேட்டுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, இங்க வேற வேலையில்ல."

"ஐயா, அஞ்சு நிமிஷம்..."

"என்னை விடுங்க. நான் எங்க போயிடப் போறேன்? முதல்ல வீட்டம்மாவுக்குப் போன் போடுங்க. யாருக்கும் பரிஞ்சு பேசாதீங்க. கார் வருதுன்னு மட்டும் சொல்லுங்க. அந்தம்மாவுக்குத் தெரியாம அந்தப் பொண்ணு போயிட்டா, உங்க வீட்டுல யாருமே நிம்மதியா இருக்க மாட்டீங்க."

லிஃப்ட்காரர் போட்டார்.

*

அண்ணி தூங்கவில்லை. மின்விசிறி அனலைச் சுற்றிச் சுற்றிக் கொட்டியது. 'என் வீடு' என்று சொன்ன தன் குரல் காதிலேயே நின்றது. போனில் கணவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ம்" என்று மட்டும் சொன்னாள்.

எழுந்து முன்னறைக்கு வந்தாள். பாப்பா இல்லை. பை தயாராகக் கதவோரம் இருந்தது. மிஷின் மேல் உறை போட்டு மூடியிருந்தது. மிஷினை அவள் எடுத்துப்போகப் போவதில்லை என்பது அதைப் பார்த்ததுமே புரிந்தது.

மேஜை மேல் ஒரு பள்ளிச் சீருடை பாதி வெட்டியபடி கிடந்தது. வெட்டு கோணலாக, பல் பல்லாக இருந்தது. பாப்பா அப்படி வெட்ட மாட்டாளே என்று அண்ணி கத்திரியைத் தேடினாள். இழுப்பறையில் கிடைத்தது.

பாப்பாவின் பெரிய கத்திரி அது. அதைத் தொட வீட்டில் யாருக்கும் உரிமை கிடையாது. துணி வெட்டுகிற கத்திரியால் காகிதம் வெட்டினால்கூட முனை மழுங்கிவிடும் என்பாள். ஒருமுறை லிஃப்ட்காரர் அதில் பால் பாக்கெட்டை வெட்டப்போக, அவர் கையிலேயே ஒன்று போட்டாள். இப்போது அந்தக் கத்திரியின் வாயெல்லாம் பிசின் உறைந்து கறுத்திருந்தது. முள் பட்டு இரண்டு இடத்தில் பல் விழுந்திருந்தது.

அந்தக் கத்திரியால்தான் அத்தனை இலையையும் வெட்டியிருக்கிறாள். வேறொரு கத்திரி இந்த வேலைக்குப் போதாது என்று நினைத்திருக்கிறாள். ஒவ்வொரு இலையாக, அண்ணியின் கண்ணுக்கு நன்றாக இருக்கட்டும் என்று.

அண்ணி அந்தக் கத்திரியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் இருந்தது, மரத்துக்காக அழுகையும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே வெட்கமும் வந்து சேர்ந்தது. வெட்டாதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் ஆகியிருக்கும். தனக்குத் தெரிந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தது யார் தப்பு?

*

பாப்பா மரத்தடியில் இருந்தாள். மொட்டைக் கிளைகளின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டுவிட்டு, அது நழுவாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, முகம் சிவந்து கன்றியிருந்தது.

"உனக்கும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கணுமா? நிழலுக்கு வா முதல்ல."

"கார் வர்ற வரைக்கும் பிடிச்சுக்கறேன் அண்ணி."

"கார் வருதா?"

"ம்."

அண்ணி எதிரே போய் நின்றாள். "காலையில நான் சொன்னது தூக்கக் கலக்கத்துல சொன்னதுன்னு பொய் சொல்ல மாட்டேன். கோவத்துல சொன்னது. சொல்லியிருக்கக் கூடாது. நானும் உனக்கு ஒண்ணும் சொல்லித் தராமலே விட்டுட்டுப் போனேன்."

"பரவால்ல அண்ணி."

"பரவால்லன்னு சொல்லாத. திருப்பித் திட்டு."

பாப்பாவுக்குத் திட்ட வரவில்லை. அவள் கேட்டது வேறு.

"மரம் பிழைக்குமா அண்ணி? அதை மட்டும் சொல்லுங்க. பிழைக்கும்னு தெரிஞ்சா நிம்மதியா போயிடுவேன். பிழைக்காதுன்னாலும் போகத்தான் போறேன். இன்னொரு தடவை இதை நீங்க பாக்கும்போது நான் பக்கத்துல நிக்க முடியாது."

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. நகத்தால் பட்டையை லேசாகக் கீறினால், உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. உலர்ந்த பழுப்பு தெரிந்தால் இல்லை. காலையிலேயே அண்ணி அதைச் செய்திருக்கலாம். பயத்தில் செய்யவில்லை.

மேல் கிளையைக் கீறினாள். பழுப்பு. நடுக்கிளையைக் கீறினாள். பழுப்பு. மண்டியிட்டு, மண்ணுக்குப் பக்கத்தில், தண்டின் அடியில் கீறினாள். பாப்பாவுக்குத் தெரியாதபடி அவள் முதுகு மறைத்திருந்தது. நகத்தடியில் மரத்தூள்தான் வந்தது.

"என்ன அண்ணி? இருக்கா?"

ஆஸ்பத்திரியில் படம் எடுத்து முடித்ததும் ஒவ்வொருவரும் இதே குரலில்தான் கேட்பார்கள். 'என்னம்மா, உடைஞ்சிருக்கா?' டாக்டர் சொல்வார் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. கண்ணெதிரே திரையில் இரண்டாக முறிந்த எலும்பு தெரியும்போதும் முகத்தில் ஒரு கோடு அசையாது. அந்த முகத்தோடு அண்ணி திரும்பினாள்.

"இருக்கு."

"நிஜமாவா?"

"அடியில இருக்கு. கொஞ்சம்தான். இனிமே பாத்துக்கிட்டாத்தான் உண்டு. விடியறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தணும், வேர் நனையிற மாதிரி, மெதுவா. உரம் கிரம் ஒண்ணும் போடக் கூடாது. தண்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கணும். மேல நிழல் கட்டணும். எனக்கு அடுத்த வாரமும் டபுள் டியூட்டிதான். உங்க அண்ணனை நம்பி விட்டா, மரம் என்ன, மதில் சுவரே பட்டுப்போயிடும்."

பாப்பா அவளையே பார்த்தாள்.

"நீ இருக்கணும் பாப்பா," என்றாள் அண்ணி. "மரத்துக்காகச் சொல்றேன்."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. பாப்பா அதைத் தூக்கமில்லாத குரல் என்று எடுத்துக்கொண்டாள்.

*

கார் வந்து ஹாரன் அடித்தது. பாப்பாவே போனாள். டிரைவர் பாவம், வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார். அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"பை எங்கம்மா?"

"பை இல்ல. நான் வரல. செடிக்குத் தண்ணி ஊத்தணும்னு போய்ச் சொல்லுங்க."

"இதையே சொல்லவா?"

"இதையே சொல்லுங்க."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "அம்மா வரலைன்னா ஞாயித்துக்கிழமை தானே நேர்ல வர்றதா ஐயா சொல்லச் சொன்னாரு. மிஷினையும் கொண்டுபோய்ப் பரண்ல வைக்கணுமாம், பெரிய வண்டியா எடுத்துட்டு வருவாராம்."

பாப்பா சொம்பை வாங்கிக்கொண்டாள். "வரட்டும்" என்றாள்.

லிஃப்ட்காரர் வந்து சேர்ந்தபோது காரும் இல்லை, சண்டையும் இல்லை. ஒரு தர்பூசணித் துண்டோடு வாசலில் நின்றவர், வாத்தியார் கொடுத்தனுப்பியதாகச் சொன்னார். யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை. பாப்பா சட்டைகளுக்கு உள்ளே வைக்கிற லைனிங் துணியின் மிச்சங்களையெல்லாம் ஒட்டுப்போட்டு, பாய் அளவுக்கு ஒரு கூரை தைத்துக்கொண்டிருந்தாள். அதை நான்கு கம்பில் கட்டுகிற வேலை மட்டும் அவருக்குக் கிடைத்தது. கயிறு கட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. கட்டி முடித்து, தண்டில் சாய்ந்து ஆசுவாசப்படுத்திக்கொண்டார். அவர் கை பட்ட இடத்தில் பட்டை முழுசாகக் கழன்று வந்தது.

அதைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"இந்தாம்மா, அது..."

"தெரியும்."

"பின்ன அவகிட்ட..."

"மெதுவா பேசுங்க. உயிர் இருக்கான்னு அவ கேட்டா, இருக்குன்னு நான் சொல்லிட்டேன்."

"என்னைக்காவது தெரிஞ்சிடுமே?"

"தெரியட்டும். அதுக்குள்ள அந்தக் கார் இன்னும் ரெண்டு தடவை வந்துட்டு வெறுமனே போயிருக்கும்."

லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தார். "உனக்கு வருத்தமா இல்லையா?"

"இருக்கு," என்றாள் அண்ணி. "ரொம்ப இருக்கு. அதுக்கு இன்னொரு நாள் லீவு போட்டுக்கறேன்."

பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டாள், நெடுநேரம்.

*

மறுநாள், கீழ்வானம் வெளுக்கும்போதே பாப்பா வாளியோடு தோட்டத்துக்கு வந்துவிட்டாள். காற்று அப்போதுதான் கொஞ்சம் ஆறியிருந்தது. சுவரோரத் தொட்டிகளுக்கு முதலில் ஊற்றினாள். பிறகு மரத்தடியில் குந்தி, அண்ணி சொன்ன மாதிரியே, சொம்பு சொம்பாக, மெதுவாக ஊற்றினாள். மண் வாய் திறந்து குடித்தது.

குனிந்தபோது தண்டின் அடியில் அந்தக் கீறல் தெரிந்தது. முந்தின நாள் அண்ணி நகத்தால் கீறிய இடம். அந்தப் பச்சையைத் தானும் ஒருதரம் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இன்னும் கிட்டே போனாள்.

பச்சை இல்லை.

காய்ந்துவிட்டதோ என்று பக்கத்தில் தானே ஒரு கீறல் போட்டாள். பழுப்பு. மறுபக்கம் போய்க் கீறினாள். மண்ணை விலக்கி, வேர் தொடங்குகிற இடத்தில் கீறினாள். சுள்ளிதான். அடுப்பில் வைத்தால் உடனே பிடித்துக்கொள்ளும்.

பாப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி இந்த இடத்தைத்தான் கீறினாள். கீறிப் பார்த்துவிட்டுத்தான் இருக்கு என்று சொன்னாள். தன் மரம் செத்துப்போனதைத் தன் நகத்தால் தொட்டுத் தெரிந்துகொண்ட அதே கணத்தில், அதைக் கொன்றவளை வீட்டில் நிறுத்திவைக்க ஒரு பொய்யைத் தேடியிருக்கிறாள். அழக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பாப்பாவுக்குக் குலுங்கிக் குலுங்கி அழுகை வந்தது. சத்தம் வராமல் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

பின்கதவு திறக்கிற ஓசை கேட்டது. அண்ணி ஆஸ்பத்திரி உடுப்பில், கைப்பையோடு படியில் நின்றாள். ராத்திரியும் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. அங்கேயிருந்தே கேட்டாள்.

"ஊத்தியாச்சா பாப்பா?"

"ஆச்சு அண்ணி."

"எப்படி இருக்கு?"

பாப்பா ஈர மண்ணை ஒரு கை அள்ளி, அந்தக் கீறல்களின் மேல் எல்லாம் நன்றாக அப்பி மூடினாள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"பச்சையாத்தான் இருக்கு. நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க."